குமுட்டி அடுப்பிலிருந்து ஏர் ஃப்ரையர் வரை

வீட்டு உபயோகப் பொருள் கடையில் ஒரு பக்கத் தட்டில் ஏர் ஃப்ரையர்களையும் எதிர்ப்பக்கத் தட்டில் ஓ.டி.ஜி. என்கிற மின்சார அவன்களையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் நிற்கும் விற்பனைப் பையன் வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பல்லவியைப் பாடுகிறான்: “இதுல எண்ணெயே வேணாம் மேடம். அதுன்னா கேக்கு போடலாம்.” அதை நம்பி ஐயாயிரம், எட்டாயிரம் என்று கொடுத்து வாங்கிவந்து, ஆறே மாதத்தில் பரணில் ஏற்றிய வீடுகள் எத்தனையோ. பரணில் ஏற்கெனவே சாண்ட்விச் மேக்கரும், கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த ஜூஸரும் இருக்கும். துணைக்கு இன்னொன்று.

திறந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஜாதிதான். கம்பிச்சுருள் காய்கிறது, விசிறி அந்தச் சூட்டைச் சுழற்றிவிடுகிறது. ஏர் ஃப்ரையரில் கூடைக்கு நேர் மேலே சுருள், அதற்கும் மேலே விசிறி. இடம் மிகக் குறைவு என்பதால் காற்று உள்ளே சூறாவளியாகச் சுற்றும். கன்வெக்‌ஷன் விசிறி வைத்த ஓ.டி.ஜி.யில் மேலும் கீழும் கம்பிகள், ஓரத்தில் ஒரு விசிறி, பல மடங்கு இடம். காற்று நிதானமாக நடக்கும். பொறியியல் அவ்வளவுதான். எதை வாங்குவது என்று கேட்டால் மிஷினைப் பார்த்துச் சொல்ல முடியாது, வீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நம் வீட்டு அடுப்பங்கரை இந்த அறுபது வருடத்தில் சூட்டை எப்படியெல்லாம் மாற்றிக்கொண்டது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

விறகு எரிந்த காலத்தில் தரையோடு மண் அடுப்பு, பக்கத்தில் ஒட்டினாற்போல் கொடி அடுப்பு. டவுன் வீடுகளில் கூடவே ஒரு இரும்புக் குமுட்டி, கரி போட்டுப் பற்றவைக்க. சோறு வடித்து, குழம்பு இறக்கியானதும் அடுப்பில் தணல் கிடக்கும். அந்தத் தணலை யாரும் சும்மா ஆறவிட்டதில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாம்பலுக்குள் புதைப்பார்கள். கருவாட்டை மேலே போட்டு வாட்டுவார்கள். அப்பளத்தை இடுக்கியில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். ஓரம் கொஞ்சம் கரிந்தால்தான் அதற்கு ருசி. பெரிய கத்தரிக்காயில் விரலால் நல்லெண்ணெய் தடவித் தணலில் கிடத்தினால், தோல் கறுத்து வெடித்து, உள்ளே வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். கையை ஈரமாக்கிக்கொண்டு தோலை உரித்து, புளியும் மிளகாயும் சேர்த்துக் கொத்சு. எண்ணெய்ச் செலவு அந்த ஒரு விரல் தடவல்தான்.

தணல் மங்கினால் ஊதுகுழல். குமுட்டிக்குப் பனையோலை விசிறி. இன்றைக்குக் ‘காற்றுச் சுழற்சித் தொழில்நுட்பம்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கிறார்களே, அந்த வேலையை அப்போது பெண்களின் நுரையீரல் செய்தது. அதை ஏதோ பொற்காலம் போலச் சொல்லிவிடக் கூடாது. புகையில் கண் எரிந்து, இருமி இருமிச் சமைத்த தலைமுறை அது. எரிவாயு வந்தபோது ஒரு பெண்ணும் விறகடுப்புக்காக அழவில்லை.

எண்ணெயில் பொரிப்பது அன்று தினப்படி வேலையாக இருந்ததில்லை. ‘எண்ணெய்ச் சட்டி வைக்கிறது’ என்றாலே அது விசேஷம். தீபாவளி, கார்த்திகை, பெண் பார்க்க வருகிற நாள், மறுவீடு. துக்கம் நடந்த வீட்டில் குறிப்பிட்ட நாள்வரை எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். உறவுக்காரர்கள்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். செக்கில் ஆட்டிய எண்ணெயின் விலைக்கு, வாரத்துக்கு மூன்று நாள் பஜ்ஜி போடுகிற வீடு ஊருக்கு ஒன்று இருந்தால் அதிகம்.

அவன் என்பது வீட்டுச் சாமானே கிடையாது, பேக்கரிக்காரர் சொத்து. செங்கல்லில் கட்டி, உள்ளே விறகை எரித்து, கனலைத் தள்ளிவிட்டு, சுவரில் தங்கிய சூட்டில் ரொட்டி போடுகிற அடுப்பு. யாழ்ப்பாணத்தில் போறணை என்பார்கள். தூத்துக்குடி மக்ரூன் பெயர் வாங்கியதும் இந்த அடுப்பில்தான். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு, மூன்றே பொருள். இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்து உலர்ந்தால்தான் அது வாயில் கரையும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் கேக் மாவை வீட்டில் கலந்து, தகரத்தில் ஊற்றி, பேர் எழுதிய சீட்டோடு பேக்கரியில் கொடுத்து வேகவைத்து வாங்கிவருகிற பழக்கம் இருந்தது. இல்லையென்றால் அகலமான பாத்திரத்தில் மணலைப் பரப்பி, அதற்குள் கேக் தகரத்தை இறக்கி, மூடிமேல் தணலைக் கொட்டுவார்கள். மேலேயும் கீழேயும் சூடு. இன்றைய ஓ.டி.ஜி.யின் இரட்டைக் கம்பி செய்வதும் அதேதான்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கொஞ்சம் வசதியான வீடுகளில் வட்ட அவன் வந்தது. அலுமினியப் பாத்திரம், மூடியில் ஒரு சுருள், அடியில் ஒரு சுருள், எட்டிப்பார்க்க மூடி நடுவில் சின்னக் கண்ணாடி. கும்பகோணத்தில் என் பெரியம்மாவிடம் ஒன்று இருந்தது. வயர் முழுக்கத் துணிநூல் சுற்றியிருக்கும். இத்தனை டிகிரி என்று சொல்ல அதில் முள்ளும் கிடையாது, திருகும் கிடையாது. கையை மேலே நீட்டிப் பார்த்துத்தான் சூட்டைக் கணிக்க வேண்டும். “லைட்டெல்லாம் அணைச்சுடுங்கடி, பியூஸ் போயிடும்” என்று சொல்லிவிட்டுத்தான் பெரியம்மா சுவிட்சைப் போடுவார். கண்ணாடி வழியே கேக் எழும்புவதைப் பார்க்க நாங்கள் முட்டி மோதுவோம். கோலம் போடுகிறவரின் கவனத்தோடு ஊசியைக் குத்தி எடுத்து, மாவு ஒட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். வருடத்துக்கு இரண்டு கேக், மூன்று கேக். மற்ற நாளெல்லாம் அது பெட்டிக்குள்தான். தமிழ் வீட்டு அவனின் ஜாதகம் அன்றே எழுதப்பட்டுவிட்டது என்று தோன்றுகிறது. எழுந்ததும் கை நீளுகிற சாமானாக அது ஆகவே இல்லை.

இதற்கு நடுவில்தான் பெரிய மாற்றம் நடந்தது. 1965இல் கல்கத்தாவில் இண்டேன் தன் முதல் இணைப்பைக் கொடுத்தது. நம் ஊரில் கேஸுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அதுவரை பம்ப் ஸ்டவ்வும் திரி ஸ்டவ்வும் ஓடின. பிறகு காத்திருப்பு குறைந்தது. 2006க்குப் பின் தி.மு.க. அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2011க்குப் பின் அ.தி.மு.க. அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ஒரு தலைமுறைக்குள் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைக்குப் போயின. போகட்டும், அவை போனதில் நஷ்டமில்லை.

ஆனால் கேஸ் அடுப்போடு தணல் போய்விட்டது. கேஸ் தீயிலும் அப்பளம் சுடலாம், கத்தரிக்காய் வாட்டலாம். ஆனால் சாறு பர்னருக்குள் சொட்டும், துவாரம் அடைக்கும், மேடை அழுக்காகும். கருவாடு சுட்டால் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். மெல்ல மெல்ல, சுட்டுச் சாப்பிட்டதெல்லாம் வாணலிக்கு மாறின. அதே சமயம் எண்ணெயும் மலிந்தது. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் பாமாயில் கப்பல் கப்பலாக வந்தது; 2007இலிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடைகளின் சிறப்பு விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு, உளுத்தம்பருப்போடு பாமாயிலும் மானிய விலையில் கிடைக்கத் தொடங்கியது. சாயங்காலம் ஆனால் எண்ணெய்ச் சட்டி வைப்பதற்கு விசேஷம் தேவைப்படவில்லை. மழை போதும், மழை இல்லாவிட்டால் கிரிக்கெட் மேட்ச் போதும்.

ஆக, ஏர் ஃப்ரையர் தீர்க்க வந்திருக்கும் நோய், கேஸுக்கும் டாக்டரின் மருந்துச் சீட்டுக்கும் இடைப்பட்ட நாற்பது வருடத்தில் நாமே வரவழைத்துக்கொண்டது. தாத்தா காலத்துச் சாப்பாட்டில் அது இல்லை. “நம்ம பாரம்பரியச் சமையலுக்கு ஏர் ஃப்ரையர் ஒத்துவராது” என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது: வாணலியோடு அதை ஒப்பிடாதீர்கள், குமுட்டியோடு ஒப்பிடுங்கள்.

மிஷின்கள் வந்த கதையும் சுவாரஸ்யமானதுதான். விசிறி வைத்த அவனை 1945 வாக்கில் அமெரிக்காவில் உருவாக்கியவர் வில்லியம் மேக்ஸன். ஆகாய விமானத்தில் உறைந்த சாப்பாட்டைச் சூடாக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. சின்ன இடம், குறைந்த நேரம். விசிறி வைத்துச் சூட்டைச் சுழற்றினார். வீட்டுக்கும் கொண்டுவர நினைத்திருந்தவர் 1947இல் காலமானார். ஏர் ஃப்ரையர் இன்னொரு கண்டத்துக்காரர் வேலை. ஃப்ரெட் வான் டெர் வெய் என்ற நெதர்லாந்துக்காரர், நல்ல மொறுமொறுப்பான உருளைக்கிழங்கு வறுவலை எண்ணெய்ச் சட்டி இல்லாமல் வீட்டிலேயே செய்ய முடியாதா என்று வருடக்கணக்கில் மெனக்கெட்டார். பிலிப்ஸ் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு 2010இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. அடுத்த வருடமே அதே பிலிப்ஸ் சென்னையின் பிரீத்தி மிக்ஸி தொழிலை வாங்கியது. நம் சமையல் மேடையில் எத்தனை அடி காலியாக இருக்கிறது என்று அவர்கள் அளந்துதான் வைத்திருக்க வேண்டும்.

இங்கே வந்த புதிதில் விலை பதினைந்தாயிரத்தை ஒட்டி இருந்தது. யார் வாங்குவார்கள்? போதாக்குறைக்கு 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. மின் அடுப்பு என்று பேச்செடுத்தாலே சிரித்த காலம் அது. 2020 ஊரடங்கில்தான் காற்று திசை மாறியது. பேக்கரி மூடியிருந்தது, குழந்தைகள் வீட்டில் இருந்தன, கேக் வீட்டிலேயே பிறக்க ஆரம்பித்தது. அப்போது வாங்கிய ஓ.டி.ஜி.கள் ஏராளம். ஈஸ்ட் பாக்கெட்டுக்குக் கடை கடையாக அலைந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஊரடங்கு தளர்ந்ததும் பேக்கரியும் திறந்தது; பெட்டி மேல் துண்டு போட்டு மூடினார்கள். அதற்குள் ஏர் ஃப்ரையர் மூவாயிரம், நாலாயிரத்துக்கு இறங்கிவிட்டது.

பண்டம் பண்டமாகப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பஜ்ஜியில் தொடங்குகிறேன், முதலில் எல்லோரும் போட்டுப் பார்ப்பது அதைத்தான். வாழைக்காயைச் சீவி, கடலை மாவில் தோய்த்து, ஏர் ஃப்ரையர் கூடையில் வைத்தால் என்ன ஆகும்? மாவு கூடையின் துவாரம் வழியே கீழே ஒழுகும். ஒழுகிய இடத்திலேயே காய்ந்து, கம்பியில் பல்லாகப் பிடித்துக்கொள்ளும். வாழைக்காய் மேல் மிஞ்சியது வறட்டி மாதிரி ஆகும். காரணம் எளிது. 180 டிகிரி எண்ணெயும் 180 டிகிரி காற்றும் ஒன்றல்ல. அந்தச் சூட்டில் இருக்கும் அவனுக்குள் ஒரு விநாடி கையை நீட்டி எடுத்துவிடலாம். அதே சூட்டு எண்ணெயில் விரல் நுனி பட்டால் ஆஸ்பத்திரி. எண்ணெய் பண்டத்தை நாலாபுறமும் கவ்விக்கொண்டு நொடியில் சூட்டைக் கொடுக்கிறது, மாவு விழுந்த உருவத்திலேயே இறுகிவிடுகிறது. காற்றுக்கு அந்தப் பிடி இல்லை. ஆகவே பஜ்ஜி, போண்டா, மெதுவடை, பூரி ஆகிய நான்குக்கும் வாணலிதான். ஓ.டி.ஜி.யும் இதில் தோற்கும். யார் எந்த வீடியோவில் சாதித்துக் காட்டினாலும் அந்த வடையைத் தின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் சேப்பங்கிழங்கைக் குழையாமல் வேகவைத்து, தோலுரித்து, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் போட்டுப் பிசறி, கூடையில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, 200 டிகிரியில் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். பாதியில் ஒரு தடவை குலுக்க வேண்டும். வாணலியில் அரை மணி நேரம் நின்று, கால் லிட்டர் எண்ணெய் ஊற்றிச் செய்தால் வருகிற மொறுமொறுப்பு வரும். உள்ளே வழுவழுப்பு அப்படியே இருக்கும். உருளை, கருணை எல்லாம் இப்படித்தான். வஞ்சிரத் துண்டு, சங்கரா, நெத்திலி என்று மசாலா தடவி ஊறிய எதுவும் வரும். தோசைக்கல்லில் மீன் ஒட்டிப் பிய்ந்துபோகிற தொல்லை இல்லை. சிக்கன் அறுபத்தைந்து, மாவு ஈரமாக இல்லாமல் அரிசி மாவையும் சோள மாவையும் உலரப் புரட்டிப் போட்டால் நன்றாகவே இருக்கும். ஓட்டல் சிவப்பு வராது, அதற்கு எண்ணெயைவிடக் கலர்ப்பொடிதான் காரணம். கத்தரிக்காயை முழுசாக வைத்தால் கொத்சுக்குப் பதமாக வெந்துவிடும். தணலின் புகைவாசனை மட்டும் இருக்காது.

அப்பளத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தனியாக ஓர் அப்பளத்தைக் கூடையில் வைத்து மூடினால், விசிறிக் காற்றில் அது எழும்பி மேலே சுருளில் போய் ஒட்டிக்கொள்ளும். நிமிஷத்தில் கருகல் வாசனை. மேலே ஒரு சின்னக் கம்பி வலையைக் கவிழ்த்தால் சரியாகும். வேர்க்கடலை அருமையாக வறுபடும், தோல் மட்டும் உள்ளே பட்டாம்பூச்சியாய்ப் பறக்கும். வற்றல், வடகம் சுமார்தான். ஒரு பக்கம் பொரிந்து மறு பக்கம் கல்லாக நிற்கும்.

நேற்றைய பண்டத்தைச் சூடாக்குவதில்தான் ஏர் ஃப்ரையரை அடிக்க ஆளில்லை. குளிர்ந்து தொய்ந்த சமோசா, பப்ஸ், மசால் வடை எதையும் 160 டிகிரியில் நாலு நிமிஷம் விட்டால் கடையிலிருந்து இப்போதுதான் வந்த மாதிரி ஆகிவிடும். மைக்ரோவேவில் வைத்த சமோசா தோல்பை ஆகும். மைக்ரோவேவ் தண்ணீர் மூலக்கூறை ஆட்டிச் சூடாக்குகிறது, மேல்தோலை உலர்த்துவதில்லை. சிவக்கவும் மணக்கவும் வேண்டுமென்றால் மேல்பரப்பு காய்ந்து, 140 டிகிரிக்கு மேலே போக வேண்டும். 1912இல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கிய வினை அது. ரொட்டி ஓரம், காப்பிக்கொட்டை, நெய் ரோஸ்ட் எல்லாவற்றின் மணத்துக்கும் அதுதான் மூலம்.

ஓ.டி.ஜி.யின் ராஜ்ஜியம் வேறு. கேக், பன், பிஸ்கட், பப்ஸ், பீட்சா, மக்ரூன் என்று மாவு எழும்ப வேண்டிய எல்லாம். ஏர் ஃப்ரையரில் கேக் வைத்தால் சூடு மேலிருந்து மட்டும் அறைவதால் தலை சிவந்து வெடித்து, நடுவில் மாவு பச்சையாக இருக்கும். சின்ன தகரத்தில், சூட்டைக் குறைத்து, மேலே காகிதம் மூடிச் சமாளிக்கலாம். சமாளிப்பு சமாளிப்புதான். ஓ.டி.ஜி.யில் கீழ்க்கம்பியும் மேல்கம்பியும் தனித்தனி. பத்து நிமிஷம் முன்கூட்டியே காய வைத்து, நடுத்தட்டில் வைத்து, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருக்கலாம். விசிறியைப் போட்டால் இரண்டு தட்டு பிஸ்கட் ஒரே சமயத்தில் சமமாகச் சிவக்கும். விலை குறைந்த ஓ.டி.ஜி. பலவற்றில் இந்த விசிறி கிடையாது. பெட்டியில் கன்வெக்‌ஷன் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். விசிறி இல்லாத ஓ.டி.ஜி.யை ஏர் ஃப்ரையரோடு ஒப்பிடுவதே வீண். திருகில் காட்டும் டிகிரியை அப்படியே நம்பவும் வேண்டாம். இருபது டிகிரி முன்னே பின்னே இருக்கும், தனி வெப்பமானி ஒன்று உள்ளே தொங்கட்டும். கோழியைக் கம்பியில் கோத்துச் சுழற்றுகிற வசதியைப் பெருமையாகச் சொல்லி விற்பார்கள். வாங்கிய வாரத்தில் ஒரு கோழி சுற்றும். அப்புறம் அந்தக் கம்பி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அளவு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாலு லிட்டர் ஏர் ஃப்ரையர் என்றால் நாலு லிட்டர் குக்கர் மாதிரி நிரப்பலாம் என்று நினைக்கிறார்கள். கூடையின் அடிப்பரப்பில் ஒரே அடுக்காகப் பரப்பினால்தான் மொறுமொறுப்பு. குவித்தால் அடியில் இருப்பது ஆவியில் வேகும். மூன்று பேருக்கு ஒரு முறை போடலாம். ஆறு பேர் என்றால் இரண்டு முறை. கடைசித் தட்டு வருவதற்குள் முதல் தட்டு தொய்ந்திருக்கும், சமைக்கிறவர் சாப்பிடாமல் நின்றிருப்பார். கூட்டுக் குடும்பத்தில் ஏர் ஃப்ரையர் தோற்கிற இடம் இது. முப்பது லிட்டருக்கு மேற்பட்ட ஓ.டி.ஜி. தட்டில் அத்தனையையும் ஒரே தடவையில் பரப்பிவிடலாம்.

ஆனால் இன்றைய தமிழ் வீடு எத்தனை பேருடையது? மயிலாப்பூரிலும் ஸ்ரீரங்கத்திலும் கே.கே. நகரிலும் அடுக்குமாடிகளில் தனியாக இருக்கும் வயதான தம்பதிகளைப் பாருங்கள். பிள்ளை டல்லாஸில், பெண் பெங்களூரில். அவர்கள் வீட்டில் இருக்கும் ஏர் ஃப்ரையரை அநேகமாக அந்தப் பிள்ளைதான் அங்கிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பியிருப்பான். முதலில் “எதுக்குடா இந்தத் தண்டச் செலவு” என்று திட்டியவர்களே இப்போது அதில் தினமும் நாலு கிழங்கு, இரண்டு அப்பளம், ஒரு பிடி வேர்க்கடலை போடுகிறார்கள். எண்ணெய் குறைவு என்பதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நேரம் முடிந்தால் அது தானாக அணைந்துவிடும். கேஸை அணைத்தோமா இல்லையா என்று கோயில் வாசல்வரை போய்த் திரும்பி வருகிற வயதில் இது சின்ன விஷயமே இல்லை. ஓ.டி.ஜி.யிலும் நேரத் திருகு உண்டு. ஆனால் அதன் உடம்பு முழுக்கச் சுடும், கொதிக்கிற தட்டைக் குனிந்து இழுக்க வேண்டும். எழுபது வயதுக் கைக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கரண்ட் கணக்கைப் பார்ப்போம். 1,500 வாட் ஏர் ஃப்ரையர் இருபது நிமிஷம் ஓடினால் அதிகபட்சம் அரை யூனிட். ஓ.டி.ஜி. காய வைத்து, ஒரு கேக் முடிக்க ஒரு யூனிட்டை ஒட்டி ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. 500 யூனிட்டை உரசிக்கொண்டிருக்கும் ஏ.சி. வீடுகள் மட்டும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும், அதைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும்.

கழுவுவதில் நம் கைப்பழக்கம்தான் எதிரி. ஏர் ஃப்ரையர் கூடையில் இருப்பது ஒட்டாத பூச்சு. வேலைக்கு வருகிற அக்கா கம்பி நாரால் நாலு நாள் தேய்த்தால் பூச்சு உரிந்துவிடும். பிறகு எதைப் போட்டாலும் ஒட்டும். மெத்தென்ற ஸ்பாஞ்சும், அரை மணி நேர ஊறலும் போதும் என்று வாங்கிய அன்றே வீட்டில் சொல்லிவைக்க வேண்டும். ஓ.டி.ஜி. தட்டுகள் கடினமானவை, ஆனால் மேல்கம்பியில் தெறித்த எண்ணெய் வருடக்கணக்கில் அங்கேயே புகைந்துகொண்டிருக்கும்.

உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்குப் பாதி பதில்தான் ஆம். எண்ணெய் குறைவது உண்மை. மாவுச்சத்துள்ள கிழங்கை அதிகச் சூட்டில் கருகச் சிவக்க வைத்தால் அக்ரிலமைடு உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் சொன்னார்கள். அது எண்ணெயிலும் உண்டாகும், காற்றிலும் உண்டாகும். பொன்னிறத்தில் எடுப்பது நல்லது. இதைவிடப் பெரிய கூத்து ஃப்ரீசரில் நடக்கிறது. ஏர் ஃப்ரையர் வந்ததும் உறைந்த உருளைக்கிழங்கு பாக்கெட் வாராவாரம் வருகிறது. அந்தக் கிழங்கு தொழிற்சாலையிலேயே ஒருமுறை எண்ணெயில் பொரிக்கப்பட்டது. பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் பாமாயில் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தீபாவளிக்குத் தீபாவளி எண்ணெய்ச் சட்டி வைத்தவரைவிட, தினமும் ‘எண்ணெய் இல்லாமல்’ பொரித்துத் தின்கிறவர் உடம்புக்கு நல்லது செய்கிறார் என்று நான் நம்பவில்லை.

இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு கலப்பினமும் வந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு, இரண்டு தட்டு, வேகமான விசிறி என்று பன்னிரண்டு லிட்டரிலிருந்து இருபத்தைந்து லிட்டர்வரை. ‘ஏர் ஃப்ரையர் அவன்’ என்று எழுதியிருக்கும். இடமும் பணமும் இருந்தால் நாலு பேர் வீட்டுக்கு அது பொருந்தும். வீட்டில் ஏற்கெனவே கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் இருந்து, அதில் பால் மட்டும் சுட வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், முதலில் அதன் கையேட்டைத் தேடி எடுங்கள். பாதி வேலையை அதுவே செய்யும்.

என்னைக் கேட்டால் என் தீர்ப்பு இது. மூன்று பேருக்குள் இருக்கும் வீடு, கிழங்கு, மீன், மிச்சப் பலகாரம் என்று தினப்படி உபயோகம்: ஏர் ஃப்ரையர். மாதத்துக்கு இரண்டு முறையாவது கேக்கோ ரொட்டியோ போடுகிற கை இருக்கிறது, அல்லது தலைகள் அதிகம்: விசிறி வைத்த ஓ.டி.ஜி. கேக் செய்யக் கற்றுக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டு ஓ.டி.ஜி. வாங்காதீர்கள். முதலில் குக்கரில் வெயிட் போடாமல், அடியில் உப்பையோ மணலையோ பரப்பி நாலு கேக் செய்து பாருங்கள், ஆசை நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

கடைக்குக் கிளம்புமுன் சமையல் மேடைக்கு மேலே இருக்கும் பிளக்கைப் பாருங்கள். சாதாரண 6 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 1,380 வாட்டுக்கு மேல் தாங்காது. இந்தப் பெட்டிகள் பலவும் அதைத் தாண்டுகிறவை. பழைய வீடுகளில் பெரிய பிளக் ஒன்றே ஒன்று இருக்கும், அதுவும் கிரைண்டருக்குப் போயிருக்கும். மாற்றுப் பிளக்கையோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸையோ நம்பி ஓட்டினால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பிளக் ஒன்று தனி வயரோடு போட்ட பிறகு பில் போடச் சொல்லுங்கள்.